எர்த் கம்பி

மேசை எட்டடிக்கு நாலடி.
வந்து இறங்கிய அன்று மைனஸ் முப்பத்தொன்று.
லாரிக்காரன் கராஜ் வாசலோடு கையை உதறிவிட்டான்.
பள்ளிப் பேருந்தின் கியரைப் பிடித்து
இருபத்திரண்டு வருடம் காய்த்த கை எனது;
நாலு குழாய்களை அடியில் உருட்டிவிட்டு
கார் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்
நெருப்பால் வெட்டும் மேசையை.
கார் இனிப் பனியில் நிற்கட்டும்.

தார்க்கா போனில் சிரித்தாள்:
"ஓய்வுப் பணம் வந்தால் ஜனங்கள் புளோரிடா போவார்கள்.
ஒரிசியா பிளாஸ்மா வாங்குவாள்."

கனோராவில் எந்தக் கராஜ் தரையும் சமமில்லை.
உருகும் பனி ஓடிப்போக வாட்டம் வைத்துக் கட்டியது.
ரசமட்டத்தின் குமிழி
பேருந்தில் ஏற மாட்டேன் என்ற பிள்ளையாய்
மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.
ஒரு காலுக்கு மரச்சில்லு, ஒரு காலுக்கு அட்டை,
மூன்றாவதற்குப் பழைய நம்பர் பிளேட், இரண்டாய் மடித்து.
அடித்தட்டில் தண்ணீர் ஊற்றியதும் தெரிந்துவிட்டது
என் ஏமாற்று.

முதல் பொறி.
திரை உறைந்தது.
பாதி வளைவில் நின்ற டார்ச்
தான் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துபோனது.
மறுபடி. மறுபடி.
நெருப்பு பிறக்கும்போதெல்லாம்
கணினிக்கு நினைவு தப்பியது.
கையேடு, நாற்பத்தேழாம் பக்கம்:
தனியாக ஒரு எர்த் கம்பி. எட்டடி ஆழம்.

எட்டடி!
ஜனவரியில் இங்கே மண் என்பது நாலடிக்குக் கல்.
சம்மட்டியால் அடித்தேன். கம்பியின் தலைதான்
காளானாய் விரிந்தது.
மண் நகக்கண் அளவுகூட இடம் தரவில்லை.

அப்போதுதான் நெஸ்டர் நினைவு வந்தது.
ஊர்க் கல்லறையில் குழி தோண்டுகிறவர்.
குளிர்காலத்தில் சாகிறவர்களுக்காக
அவரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு,
கவிழ்த்த தொட்டி மாதிரி. உள்ளே கரி மூட்டம்.
போன் செய்தேன்.
"யாருக்கு?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.
"கணினிக்கு."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
"அளவு என்ன?"

பின்சுவரோரம் இரண்டு இரவு புகைந்தது.
எதிர்வீட்டில் திரைச்சீலை விலகி விலகி மூடியது.
ஒருத்தி கேக்கோடு வந்து வாசலில் நின்று
துக்கம் விசாரிப்பதா வேண்டாமா என்று
தெரியாமல் கேக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் கம்பி இறங்கியது,
காய்ந்த ரொட்டியில் கத்தி போல, முனகி முனகி.
செம்பு வயரை இறுக்கினேன்.
டார்ச் இம்முறை தொடங்கிய இடத்துக்கே வந்து
வளைவை மூடியது.
தண்ணீர் சீறியது.
துண்டு தட்டில் விழுந்தது, ஒரு "டங்".

முதலில் வெட்டியது
மேசையின் கால்களுக்கே அண்டை கொடுக்கும் தகடுகள்.
கோணல் மேசையில் வெட்டிய தகட்டால்
மேசையை நேராக்கினேன்.
இதில் தத்துவம் தேட வேண்டாம்,
கைவசம் வேறு தகடு இல்லை.

நெஸ்டர் கூலி வாங்கவில்லை.
பெட்டி மூடியின் கீல் தேய்ந்திருந்ததைக் காட்டினார்.
வரைந்து, வெட்டி, பொருத்தினேன்.
திரையில் கோட்டுக்கு அகலம் கிடையாது.
நெருப்புக்கு உண்டு, ஒன்றரை மில்லிமீட்டர்.
அதைக் கழிக்க மறந்திருந்தேன்.
துளை பெருத்து, ஊசி உள்ளே கலகலவென்று ஆடியது.
"வேறு வெட்டித் தருகிறேன்" என்றேன்.

மூடியைத் திறந்தார், மூடினார், நாலைந்து தரம்.
"இருக்கட்டும். இறுக்கமென்றால் சாம்பல் புகுந்து சிக்கும்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கரி போடுகிறவன்
ஒரு கையால் திறக்க வேண்டும்."
ட்ரக் திரும்பும்வரை அந்தக் கலகலப்பு கேட்டது.

வியாழக்கிழமை கல்லறைப் பக்கம் புகை.
யாரென்று கேட்கப் போனை எடுத்தேன்,
கீழே வைத்தேன்.
வரைபடக் கோப்பைத் திறந்து
ஒன்றரையைக் கழித்துச் சேமித்துவிட்டு
பிறகு கேட்டேன்.